தாடையெலும்பு சொன்ன சாட்சி

2003ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், வாய் மற்றும் தாடை அறுவை மருத்துவர்களுக்கென அமெரிக்காவில் வெளிவரும் ஆய்விதழ் ஒன்றில், ஆசிரியருக்கு எழுதப்பெற்ற மடல் ஒன்று அச்சேறியது. எழுதியவர் மயாமிப் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ். தம்மிடம் வந்த 36 நோயாளிகளைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அவர்களுடைய வாயில் ஈறு விலகி, உள்ளிருக்கும் தாடையெலும்பு வெளியே தெரிந்தது. அந்த எலும்பு உயிரற்றுக் கிடந்தது. வழக்கமான அறுவை முறைகளால் அதனை மூட முயன்றபோது புண் ஆறவில்லை. சிலருக்கு முன்னிலும் பெரிதாயிற்று. இவர்கள் அனைவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே. பிஸ்பாஸ்போனேட் என்னும் மருந்து வகையை ஊசி வழியாகப் பெற்றவர்கள் இவர்கள். புற்றுநோய் எலும்பில் பரவி அதனை அரித்துவிடாதபடி காப்பதற்கென்று கொடுக்கப்படும் மருந்து அது. எலும்பைக் காக்க வந்த மருந்து தாடையெலும்பைக் கொல்கிறதோ என்ற ஐயத்தை மார்க்ஸ் வெளிப்படையாக எழுப்பினார்.

அடுத்த ஆண்டு நியூயார்க் பகுதியிலிருந்து சால்வத்தோர் ருஜியேரோவும் அவருடைய தோழர்களும் 63 நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். அவர்களுள் 56 பேர் ஊசி மருந்து பெற்றவர்கள். எஞ்சிய 7 பேர் புற்றுநோயாளர் அல்லர். எலும்புப் புரை நோய்க்காக நெடுங்காலம் மாத்திரை விழுங்கி வந்தவர்கள். இந்த ஏழு பேரைப் பற்றிய செய்திதான் உலகத்தைத் திடுக்கிடச் செய்தது. ஏனெனில் அம்மாத்திரையை அன்று பல இலட்சம் முதிய பெண்கள் வீட்டில் இருந்தபடியே உட்கொண்டு வந்தனர்.

இது புதிய நோய் என்று முதலில் பலரும் எண்ணினர். ஆனால் பழைய மருத்துவ நூல்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற நோய்க்குறிப்புகள் அவர்கள் கண்முன் இருந்த வாய்களையே வருணித்தன. விலகிய ஈறு, வெளியே தெரியும் சாம்பல்நிற எலும்பு, ஓயாது ஒழுகும் சீழ், பல்லைப் பிடுங்கிய குழியில் தொடங்கும் அழிவு எல்லாம் அப்படியே இருந்தன. பழைய நோய்க்குக் காரணம் வெள்ளைப் பாஸ்பரஸ். புதிய மருந்தின் பெயருக்குள்ளும் பாஸ்பரஸ் ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அதில் ஏழைகளின் கண்ணீரும் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்யப்பெற்ற அறிவியலும் உண்டு.

பலிபீடத்து மெழுகுதிரியை ஏற்றினாலும் அடுக்களையில் விறகை மூட்டினாலும் நாம் உரசும் தீக்குச்சி, மனிதனுக்கு மிக அண்மையில்தான் கிடைத்தது. 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர், பொன் செய்யும் ஆசையால் மனிதச் சிறுநீரைக் காய்ச்சி வடித்தபோது, இருளில் தானே ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். அதுவே பாஸ்பரஸ். ஏறத்தாழ 160 ஆண்டுகள் அது வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1831இல் பிரான்சு நாட்டு இளைஞர் சார்ல் சோரியா அதனைத் தீக்குச்சியின் தலையில் சேர்த்தார். எங்கு உரசினாலும் பற்றிக்கொள்ளும் மலிவான குச்சி பிறந்தது. ஆஸ்திரியாவிலும் செருமானிய நாடுகளிலும் ஆலைகள் பெருகின. மரக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி, வெள்ளைப் பாஸ்பரசுப் பசையில் தோய்த்து, உலர்த்தி, வெட்டிப் பெட்டியில் அடைப்பது வேலை. பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே அதனைச் செய்தனர். பசையிலிருந்து எழும் புகை நாள் முழுவதும் அவர்கள் மூச்சோடு கலந்தது. இரவில் வீடு திரும்பும்போது அவர்களுடைய ஆடைகள் இருளில் மினுங்கியதாகக் குறிப்புகள் கூறுகின்றன.

சில திங்களிலோ சில ஆண்டுகளிலோ பல்வலி தொடங்கும். கன்னம் வீங்கும். பல் ஆடி விழும். விழுந்த இடம் ஆறாது. தாடையெலும்பு துண்டு துண்டாக இறந்து, சீழோடு வெளியேறும். அதன் துர்நாற்றம் சொல்லுந்தரமன்று. ஒரே அறையில் வாழும் குடும்பத்தார்கூட நெருங்க இயலாது என்று அக்கால மருத்துவர்கள் எழுதினர். நோயுற்றோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிழைத்தவர் பலர் தாடையின்றி, கஞ்சி குடித்து, முகத்தைத் துணியால் மறைத்து வாழ்ந்தனர்.

வியன்னா நகர மருத்துவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் லோரின்சர் 1839 முதல் இத்தகையோரைக் கண்டு வந்தார். தம்மிடம் வருவோர் எல்லாரும் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளர் என்பதை உணர்ந்து, பாஸ்பரஸ் ஆவியால் தாடையெலும்பு இறக்கிறது என்று 1845இல் எழுதி வெளியிட்டார். அதே பத்தாண்டில், அதே வியன்னாவில், அன்டோன் ஷ்ரோட்டர் என்னும் வேதியியலார் சிவப்புப் பாஸ்பரசின் இயல்பை விளக்கினார். அது புகையாதது, எளிதில் பற்றாதது, நஞ்சற்றது. 1844இல் ஸ்வீடனில் குஸ்தாவ் பாஷ், பாஸ்பரசைக் குச்சியின் தலையிலிருந்து நீக்கிப் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் வைக்கும் வழியைக் காட்டியிருந்தார். ஆக, நோயும் நோய்க்குக் காரணமும் மாற்று வழியும் ஒரே பத்தாண்டில் மனிதர் கைக்குள் வந்துவிட்டன. ஆயினும் உலகம் வெள்ளைப் பாஸ்பரசைக் கைவிட மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எங்கு வேண்டுமானாலும் உரசலாம் என்ற வசதியை வாங்குவோர் விட விரும்பவில்லை. விலை உயர்வதை விற்போர் விரும்பவில்லை. இடையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

இலண்டனில் அவர்கள் தாமே பேசினர். கிழக்கு இலண்டனின் போ பகுதியில் பிரையன்ட் அண்டு மே என்னும் பெரிய தீப்பெட்டி ஆலை இருந்தது. அங்கு வேலை செய்த பெண்களில் பலர் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். 1888 ஜூன் 23 அன்று, 'தி லிங்க்' என்னும் சிறு ஏட்டில், 'இலண்டனில் வெள்ளை அடிமைத்தனம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அற்பக் கூலியையும், காலில் அழுக்கிருந்தால் அபராதம், பேசினால் அபராதம் என்ற கொடுமையையும், வேலை செய்யும் அறையிலேயே பாஸ்பரஸ் படிந்த கையால் உணவருந்த வேண்டிய நிலையையும் அது எடுத்துரைத்தது. பங்குதாரருக்கு நூற்றுக்கு இருபதுக்கும் மேலான ஆதாயம் கிடைப்பதையும், அப்பங்குதாரருள் கிறிஸ்தவ குருக்கள் இருப்பதையும் சுட்டிக்காட்டத் தவறவில்லை. எழுதியவர் வேறு யாருமல்லர். பின்னாளில் சென்னை அடையாறைத் தம் இல்லமாகக் கொண்டு, 1917இல் இந்திய தேசியக் காங்கிரசின் தலைவராக விளங்கி, 1933இல் அடையாற்றிலேயே உயிர்நீத்த அன்னி பெசன்ட் அம்மையார்தாம். அப்போது அவர் கடவுள் நம்பிக்கையைத் துறந்த சமதர்மவாதி.

ஆலை நிருவாகம் அக்கட்டுரை பொய்யென்று கையொப்பம் இடுமாறு பெண்களைக் கேட்டது. அவர்கள் மறுத்தனர். ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை விட்டு வெளியேறினர். இரண்டு வாரங்களில் வென்றனர். அபராதங்கள் ஒழிந்தன, உணவுக்குத் தனியிடம் தரப்படும் என்ற உறுதிமொழி கிடைத்தது. இன்று அச்செய்தியைப் படிக்கையில் உணவறை ஒரு சிறு சலுகை போலத் தோன்றலாம். உணவோடு நஞ்சை விழுங்கியவர்களுக்கு அது உயிர்ப்பிச்சை. ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் போகவில்லை.

அடுத்த ஆண்டு அதே கிழக்கு இலண்டனில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. முதுமையில் தளர்ந்திருந்த கர்தினால் மேனிங் இருதரப்பாரிடமும் நடந்து சமரசம் செய்தார். 1891 மே 15 அன்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். நாம் பெருமையோடு நினைவுகூரும் நிகழ்ச்சிகள் இவை. எனினும் நேர்மையாகச் சொன்னால், அதே 1891இல் போ பகுதிக்கு அருகே சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும் பயன்படுத்தும் தீப்பெட்டி ஆலை ஒன்றைக் கூடுதல் கூலியோடு தொடங்கிக் காட்டியவர்கள் இரட்சணிய சேனையினர். 'இருண்ட இங்கிலாந்தில் ஒளி' என்னும் பொருள்படும் பெயரை அவர்கள் பெட்டியில் அச்சிட்டனர். பாராளுமன்ற உறுப்பினர்களையும் செய்தியாளர்களையும் அழைத்துச் சென்று ஆலையைக் காட்டினர். விலை கூடுதலானமையால் விற்பனையில் நிலைக்க முடியாமல் பத்தாண்டுகளில் அந்த ஆலை கைமாறியது. ஆனால் நஞ்சின்றியும் தீக்குச்சி செய்யலாம் என்பதை யாரும் இனி மறுக்க இயலவில்லை.

1898இல் பிரையன்ட் அண்டு மே நிறுவனம் பதினேழு தாடை நோயாளிகளைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்காமல் மறைத்தது நீதிமன்றத்தில் வெளியாயிற்று. விதிக்கப்பட்ட தண்டம் ஏறத்தாழ 25 பவுன். ஒரு தாடைக்கு ஒன்றரைப் பவுன் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 1899இல் அரசு அமைத்த குழுவில் வேதியியலார் ஒருவர், மருத்துவர் ஒருவர் ஆகியோருடன் பல் மருத்துவர் ஒருவரும் இருந்தார். பல் மருத்துவரைச் சேர்த்தது மிகச் சரியான செயல். சொத்தைப் பல்லின் வழியாகவும் பல் பிடுங்கிய குழியின் வழியாகவுமே இந்நோய் எலும்பினுள் நுழைகிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. தொழிலாளரின் பற்களைப் பல் மருத்துவர் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் ஆராய வேண்டும் என்ற விதி பிறந்தது. இந்த விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். நூறாண்டு கழித்து அது மீண்டும் வரும்.

பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்துவிட்டன. சிறிய நாடுகளே முந்திக்கொண்டன என்பது கவனிக்கத்தக்கது. பிரான்சில் வேதியியலார் நஞ்சற்ற வேறொரு பாஸ்பரஸ் சேர்மத்தை 1898இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். இறுதியில் 1906 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நாடுகள், வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கப் பல நாடுகள் ஒன்றுகூடிச் செய்த முதல் உடன்படிக்கைகளுள் இது ஒன்று. பிரிட்டன் 1908இல் தடைச் சட்டம் இயற்றியது; இந்தியாவில் 1913ஆம் ஆண்டின் சட்டம் வந்தது.

சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி ஆலை தொடங்கியது 1923இல். அதாவது நம் தென்பாண்டிச் சீமையில் இத்தொழில் வேரூன்றுவதற்குப் பத்தாண்டு முன்னரே அந்த நஞ்சு நம் நாட்டில் விலக்கப்பட்டுவிட்டது. கரிசல் மண்ணின் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தீக்குச்சி அடுக்கினர். அது வேறொரு துயரக் கதை, அதற்கு நாம் தனியே பதில் சொல்ல வேண்டும். ஆனால் வியன்னாவிலும் இலண்டனிலும் கண்ட அழுகிய தாடை அவர்களுக்கு வரவில்லை. முன்பின் அறியாத ஓர் அயர்லாந்துப் பெண்ணின் தாடை அதற்கு விலையாகியிருந்தது.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். அதுவும் பாஸ்பரசிலேயே தொடங்குகிறது. 1872இல் செருமானிய மருத்துவர் வெக்னர், வளரும் விலங்குகளுக்குப் பாஸ்பரசை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அவற்றின் எலும்பு அடர்த்தியாகிறது என்று கண்டார். அதனை நம்பி 1880களில் வியன்னாவின் குழந்தை மருத்துவர் மாக்ஸ் காசோவிட்ஸ், எலும்பு வளையும் நோயுற்ற பிள்ளைகளுக்கு மீனெண்ணெயில் பாஸ்பரஸ் கலந்து கொடுத்தார். ஊரின் ஒரு மூலையில் தீப்பெட்டித் தொழிலாளியின் தாடையை அரித்த பொருள், மறு மூலையில் மருந்துப் புட்டியில் இருந்தது! அந்த மருந்தில் பயன் தந்தது மீனெண்ணெயே என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் வெக்னர் கண்டது பொய்யன்று. பாஸ்பரஸ் எலும்பை அடர்த்தியாக்கும். அடர்த்தியான எலும்பு வலிமையான எலும்பாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தீப்பெட்டித் தொழிலாளரின் தொடையெலும்பு சிறு இடறலுக்கே முறிவதைப் பற்றி 1899இல் பிரித்தானிய மருத்துவ ஏடு ஒன்று எழுதியது. அக்குறிப்பு நூலகத்தில் உறங்கிப் போயிற்று.

எலும்பைத் தேடிச் சென்று தங்கும் பொருள்கள் எல்லாம் இறுதியில் தாடையில்தான் தம்மைக் காட்டிக்கொள்ளும் போலும். 1920களில் அமெரிக்காவில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் பூசிய இளம்பெண்களுக்குத் தாடை அழிந்தது; அவர்கள் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி பழக்கப்பட்டிருந்தனர். அதே காலத்தில் ரேடியம் கலந்த நீரை மருந்தென்று புட்டியில் அடைத்து விற்றவர்களும் இருந்தனர். பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வர் எபன் பயர்ஸ், கைக்காயத்துக்கு மருத்துவர் ஒருவரின் ஆலோசனைப்படி அந்நீரை 1927 முதல் நூற்றுக்கணக்கான புட்டிகள் அருந்தினார். தாடையின் பெரும்பகுதியை இழந்து 1932இல் இறந்தார். ஏழைப் பெண்களின் தாடைக்கு அசையாத சட்டம் செல்வரின் தாடைக்கு விரைந்து அசைந்தது என்பதையும் வரலாறு குறித்துவைத்திருக்கிறது.

இப்போது மீண்டும் பெர்ன் நகருக்குச் செல்வோம். 1906இல் உடன்படிக்கை எழுதப்பெற்ற அந்நகரின் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் பேராசிரியர் பொறுப்பேற்றவர் ஹெர்பர்ட் பிளைஷ். நம் குருதியிலும் சிறுநீரிலும் சுண்ணாம்பு படிந்து கல்லாகாமல் தடுப்பது எது என்பது அவர் ஆராய்ச்சி. பைரோபாஸ்பேட் என்னும் இயற்கைப் பொருள் அதனைத் தடுப்பதை அவர் கண்டார். ஆனால் அது வயிற்றில் சிதைந்துவிடும். சிதையாத ஒன்று வேண்டும். அத்தகைய பொருள் தொழிற்சாலைகளில் முன்னரே இருந்தது. குழாயில் சுண்ணாம்பு படியாமலிருக்கவும் கடினநீரை மென்னீராக்கவும் பயன்படும் பாஸ்பரஸ் சேர்மங்கள் அவை. கிரகாம் ரசல், மேரியன் பிரான்சிஸ் ஆகியோருடன் சேர்ந்து அவற்றைச் சோதித்தார். அவை எலும்பு கரைவதை நிறுத்துகின்றன என்று 1969இல் வெளியிட்டனர். இவையே பிஸ்பாஸ்போனேட்டுகள்.

நம் எலும்பு கல்லைப் போன்ற சடப்பொருள் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் அதில் ஓயாது உழைக்கின்றன. பழைய சுவரை இடிக்கும் கொத்தனும் புதிய சுவரை எழுப்பும் கொத்தனும் ஒரே வீட்டில் வேலை செய்வது போல. முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இடிப்பவன் கை ஓங்குகிறது. எலும்பு புரையோடுகிறது. புற்றுநோய் எலும்பில் பரவும்போதும் இடிப்பவனே ஏவிவிடப்படுகிறான். இந்த மருந்து எலும்பில் ஒட்டிக்கொண்டு, இடிக்க வரும் உயிரணுவைச் செயலிழக்கச் செய்கிறது. பாமிட்ரோனேட் 1991இலும், அலென்ட்ரோனேட் மாத்திரை 1995இலும், சோலெட்ரோனிக் அமில ஊசி 2001இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

அவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. முதுகெலும்பு முன்னரே நொறுங்கியிருந்த பெண்களிடம் இடுப்பெலும்பு முறிவை அலென்ட்ரோனேட் பாதியாகக் குறைத்தது என்று 1996இல் வெளியான பெரிய ஆய்வு காட்டிற்று. இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்த பாட்டி மீண்டும் எழுந்து கோயிலுக்கு வருவது எத்தனை அரிது என்பதை நாம் ஒவ்வொரு பங்கிலும் கண்டிருக்கிறோம். எலும்பில் புற்று பரவியவர்களின் வேதனையைத் தணித்த மருந்தும் இதுவே. தீப்பெட்டி ஆலை முதலாளியோடு பெர்ன் பேராசிரியரை ஒரே தட்டில் வைப்பது பெருந்தவறு.

ஆயினும் இடிப்பவனை முழுதும் நிறுத்திவிட்டால் பழுதுபட்ட சுவர் பழுதுபட்டபடியே நிற்கும். உடலின் மற்ற எலும்புகளில் அது பல ஆண்டு தெரியாதிருக்கலாம். தாடை அப்படியன்று. மெல்லும்போதெல்லாம் அதற்கு அழுத்தம் உண்டு. ஆகவே அங்கு எலும்பு மிக விரைவாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். அதன்மேல் இருப்பது மெல்லிய ஈறு ஒன்றே. பற்கள் அந்த ஈற்றைத் துளைத்து நிற்கின்றன. வாயோ கிருமிகளின் உறைவிடம். பல்லைப் பிடுங்கியதும் எலும்பு திறந்த புண்ணாகிறது. அதனைச் சீர்செய்ய வேண்டிய பணியாளன் மருந்தால் கட்டுண்டு கிடக்கிறான். பழைய பாஸ்பரஸ் நோய்க்கும் புதிய நோய்க்கும் வழி ஒன்றே என்று ஐயுற இடமுண்டு. மூச்சோடு கலந்த பாஸ்பரஸ் உடலுக்குள் பிஸ்பாஸ்போனேட் போன்றதொரு பொருளாக மாறியிருக்கலாம் என்று சில ஆய்வாளர் கருதுகின்றனர். அது கருதுகோள் என்ற அளவிலேயே நிற்கிறது. நெடுநாள் இம்மருந்து உண்டோர் சிலருக்குத் தொடையெலும்பு வழக்கத்துக்கு மாறாக முறிவதை 2005க்குப் பின் மருத்துவர்கள் கவனித்தபோது, 1899இன் அந்தப் பழைய குறிப்பும் உறக்கத்திலிருந்து எழுந்தது.

மார்க்சின் மடல் வந்த காலத்தில் நோயாளிகள் பலர் பட்ட துன்பம் இருமடங்கு. பல் மருத்துவர், 'நான் செய்ததில் தவறில்லை. புண் ஏன் ஆறவில்லை என்று விளங்கவில்லை' என்றார். புற்றுநோய் மருத்துவர், 'இது பல் சங்கதி' என்றார். தொடக்கத்தில் குற்றம் புற்றுநோய்க்கான வேறு மருந்துகள்மீதும் வாயின் தூய்மையின்மைமீதும் சுமத்தப்பட்டது. இலண்டன் ஆலைகளிலும், தொழிலாளியின் சொத்தைப் பல்லே காரணம் என்றுதான் முதலில் சொன்னார்கள். சொத்தைப் பல் வழி என்பது உண்மை. வழியைக் காட்டி நஞ்சை மறைத்தது அநீதி. 2004க்கும் 2005க்கும் இடையே மருந்துச் சீட்டுகளில் எச்சரிக்கை ஏறியது. அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் சங்கம் 2007இல் இந்நோய்க்கு இலக்கணம் வகுத்தது. அதன்படி, மருந்து உட்கொண்ட ஒருவருக்கு, தாடையில் கதிர்வீச்சு மருத்துவம் பெறாத நிலையில், எட்டு வாரங்களுக்கு மேலாகத் தாடையெலும்பு வெளியே தெரிந்தால் அது இந்நோய். 2010இல் வந்த டெனோசுமாப் என்னும், பாஸ்பரஸ் சிறிதும் இல்லாத மருந்தும் இதே கேட்டைச் செய்வது தெரிந்தது. ஆகவே 2014இல் நோயின் பெயரிலிருந்து பிஸ்பாஸ்போனேட் நீக்கப்பட்டு, மருந்து சார்ந்த தாடையெலும்புச் சாவு என்று பெயர் விரிவுபெற்றது. இடிப்பவனை நிறுத்தும் எந்த மருந்துக்கும் இந்த இடர் உண்டு என்பது இதனால் விளங்கிற்று.

இடரின் அளவையும் சொல்ல வேண்டும். இல்லையேல் வீண் அச்சத்தை விதைத்தவராவோம். எலும்புப் புரைக்காக இம்மருந்துகளை உட்கொள்வோரில் பத்தாயிரம் பேருக்கு ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து பேருக்கே பிஸ்பாஸ்போனேட்டால் இந்நோய் வருகிறது என்று அச்சங்கம் 2022இல் மதிப்பிட்டது. புற்றுநோய்க்காக அடிக்கடி, கூடிய அளவில் ஊசி பெறுவோரில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. முன்னவருக்கு மருந்தை விடுவது பெரும்பாலும் மருந்தை உண்பதைவிட ஆபத்து. செய்தித்தாளில் ஒரு வரியைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் எறிபவர், அடுத்த மழைக்காலத்தில் முற்றத்தில் வழுக்கி விழலாம்.

செய்யத்தக்கது எளியது. மருந்தைத் தொடங்குமுன் வாயைப் பார்க்க வேண்டும். பிடுங்க வேண்டிய பல்லை அப்போதே பிடுங்கி, புண் ஆறிய பின் ஊசி போட வேண்டும். பொருந்தாத பொய்ப்பல்லைச் சரிசெய்ய வேண்டும். இத்தாலியின் மிலான் நகரப் புற்றுநோய் மையம் இவ்வாறு செய்து, நோயுறுவோர் தொகை பாதிக்கும் மேலாகக் குறைந்ததை 2009இல் அறிவித்தது. வேலையில் இருப்போரின் வாயைப் பல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று நூறாண்டுக்கு முன் இலண்டனில் எழுதப்பட்ட விதிதான் இது. போ பகுதிப் பெண்களுக்காக ஒருமுறை கற்றதை நாம் மறந்து, புற்றுநோயாளரின் தாடையில் இரண்டாம் முறை கற்றோம்.

நோய் வந்துவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. கிருமிகொல்லி நீரால் வாய் கொப்பளித்தல், நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து, காலம் கனிந்தபின் இறந்த எலும்பை அகற்றுதல் ஆகியவற்றால் பலர் தேறுகின்றனர். தொடக்கத்தில் கண்டால் எளிது. தாடையில் மரமரப்பு, காரணமின்றிப் பல் ஆடுதல், நாவில் தட்டுப்படும் கூரான எலும்பு ஆகியவற்றை வயதின் கோளாறு என்று தள்ளிவிடலாகாது.

நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. எலும்பு மருத்துவர் ஓர் ஊரில், பல் மருத்துவர் வேறோர் ஊரில்; இருவரையும் இணைப்பது நோயாளியின் கையிலுள்ள நெகிழிப் பை. பல் மருத்துவர் 'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால், அம்மா இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் எடுத்துக் காட்டுவார். அலென்ட்ரோனேட் வாரத்துக்கு ஒருமுறை உண்ணும் மாத்திரை. அன்றைய பையில் அது இராது. சோலெட்ரோனிக் அமிலம் எலும்புப் புரைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி. அதனை மருந்து என்றே பலர் நினைவில் கொள்வதில்லை. 'சாப்பிடுகிறீர்களா' என்ற கேள்விக்கு ஊசி விடையாகவும் வராது. இந்த மருந்துகள் எலும்பில் பல ஆண்டுகள் தங்குவதால், நிறுத்தி மூன்றாண்டு ஆனவரும் சொல்லியாக வேண்டும். டெனோசுமாப் மட்டும் வேறு வகை. அது எலும்பில் தங்காது. ஆறு திங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி அது. பல் பிடுங்க அஞ்சி அதனைத் தாமே நிறுத்திவிட்டால் முதுகெலும்பு அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். ஆகவே பல் பிடுங்கும் நாளையும் அடுத்த ஊசியின் நாளையும் இரு மருத்துவரும் கலந்து பேசிக் குறிக்க வேண்டும். ஊசி போட்ட நாளும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டை, அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துவிடலாம்.